தொட்டுப் பார்க்காத அக்கா

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஆறு நாள் துபாய்ப் பயணத்தில் என் உயிரை எடுத்தவர். மலேசியாவிலிருந்து முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இருபத்தொன்பது பேருக்கு நான் தங்கமான டூர் லீடர். அவர் ஒருவருக்கு மட்டும் நான் எதற்கெடுத்தாலும் பதில் சொல்லவேண்டியவன்.

எங்கள் நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த பயணத் திட்டத்தைப் பெரிய எழுத்தில் போட்டோகாப்பி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். பஸ் எங்கே நின்றாலும் அந்தத் தாளை மூக்கில் உரசுகிற அளவுக்குக் கிட்டே பிடித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணால் வரி வரியாகத் தேடுவார். எல்லாரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் இன்னும் படியில் நிற்பார். வரி கிடைத்ததும், "சரி, இருக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் கால் தரையில் படும்.

கிடைக்காவிட்டால் தொலைந்தேன். இரண்டாம் நாள் நகைக்கடை ஒன்றில் பஸ்ஸை நிறுத்தினேன். நாலு மாடி, வாசலிலேயே பேரீச்சம்பழமும் காப்பியும் கொடுத்து வரவேற்பார்கள், நம் பெண்களுக்குச் சொர்க்கம். எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். இவர் நடைபாதையில் வெயிலில் நின்றார்.

"இது பேப்பர்ல இல்லையே தம்பி."

"சும்மா பாக்கத்தானக்கா. உள்ளுக்கு எர்கோன் இருக்கு, ஜில்லுன்னு இருக்கும், வாங்க."

"நக எங்க ஊரு தங்காக்லயே இருக்கு. பேப்பர்ல உள்ளத காட்டு."

முக்கால் மணி நேரம் அவரோடு நானும் அந்த வெயிலில் காய்ந்தேன். அவர் சொன்னது நியாயம். அதனால்தான் அவ்வளவு எரிச்சல். நியாயமில்லாமல் கத்துகிறவர்களை இந்தத் தொழிலில் சமாளித்துவிடலாம். ஒரு கூல்ட்ரிங்க் வாங்கிக் கொடுத்தால் அடங்கிவிடுவார்கள்.

நம் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. பணம் கட்டுகிறவரை ஆயிரம் கேள்வி கேட்பார்கள். சோறு கிடைக்குமா, ஓட்டல் அறையில் சுடுதண்ணீர் வருமா, சம்பல் பாட்டிலைப் பெட்டியில் கொண்டுபோக விடுவார்களா என்று துளைத்து எடுப்பார்கள். பஸ்ஸில் ஏறிவிட்டால் எல்லாவற்றுக்கும் மலாயில் ஒரே பதில்தான்: தாக் அப்பா லா, பரவாயில்லை. இது பார்க்க நேரமில்லையா, தாக் அப்பா. அது பூட்டியிருக்கிறதா, தாக் அப்பா, பரவாயில்லை, மாலில் இறக்கிவிடுங்கள். எங்கள் தொழிலே இந்தத் தாக் அப்பாவில்தான் ஓடுகிறது. அந்த அக்காவின் வாயில் மட்டும் அந்த வார்த்தை வரவே வராது.

லாபிஸிலிருந்து வந்திருந்தார் ஒரு அண்ணன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அவர்தான் குழுவின் சார்பாக ஒருநாள் காலைப் பசியாறலின்போது பேசிப் பார்த்தார்.

"விடுங்க லா, ஜாலியா வந்தோம், ஜாலியா போவோம். ஒண்ணு ரெண்டு விட்டுப்போனா என்னா இப்ப?"

"உங்களுக்கு அடுத்த வருஷம் இருக்கு, வந்து பாப்பீங்க," என்றார் அக்கா. "எனக்கு இந்த வாட்டிதான்."

அக்கா சாவைப் பற்றிச் சொல்கிறார் என்று அண்ணன் நினைத்துக்கொண்டு, "சேச்சே, அப்படிலாம் பேசாதீங்க," என்று எழுந்து போய்விட்டார். விஷயம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

தங்காக்கில் கோயில் மண்டபத்தில் பயணத்துக்கு ஆள் சேர்க்கிற கூட்டம் போட்டபோதே சொல்லிவிட்டார். எல்லாரும் படிவம் எழுதிவிட்டுப் போன பிறகு என்னிடம் வந்தார். அந்த ஊரில் இருக்கிற துணிக்கடைகளில் ஒன்றில் முப்பது வருஷமாகத் துணி வெட்டிக் கொடுக்கிறவர். கல்யாணம் ஆகவில்லை. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, கண்ணில் இறங்கிவிட்டது. ஊசியும் லேசரும் போட்டுப் பார்த்தாயிற்று. நடுவில் எதைப் பார்த்தாலும் புகையாகத் தெரிகிறது, ஓரத்தில் இன்னும் தெரிகிறது.

"ஓரமும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எத்தன மாசம்னு அவருக்கே தெரில. அதுக்குள்ள ஒரு ஊரையாச்சும் முழுசா பாத்துடணும் தம்பி. நீ எழுதி வச்சிருக்கல்ல, அதெல்லாம் எனக்கு காட்டிருவியா?"

"எல்லாம் காட்டிரலாங்கக்கா," என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

ஏன் துபாய் என்று கேட்டேன். காசி, ராமேஸ்வரம் என்று போகக்கூடாதா? சிரித்தார். கடைக்கு வரும் துணிப் பொதிகளில், பேல் என்பார்கள், பாதிக்குமேல் அந்த ஊர் முத்திரைதான் குத்தியிருக்குமாம். முப்பது வருஷமாகக் கத்தரியால் அந்தப் பேரைக் கிழித்துத்தான் பேலைப் பிரித்தாராம். "அந்தத் துணி பசார எழுதியிருக்கியே, அதத்தான் பாக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்," என்றார்.

அது பட்டியலில் கடைசி வரி. ஆறாம் நாள்: பழைய துறைமுகப் பகுதி, படகுச் சவாரி, துணிக் கடைத்தெரு, காற்றுக் கோபுர வீடுகள். அந்த வரியை எழுதியவன் நான்தான். அக்கம்பக்கத்து நிறுவனங்கள் எல்லாம் போட்டிருந்தன, நானும் போட்டேன். காற்றுக் கோபுரத்துக்கு அடியில் நின்றால் மேலிருந்து குளிர்ந்த காற்று இறங்கும் என்றுகூட அழகாக எழுதியிருந்தேன். அங்கே நான் ஒருமுறையும் போனதில்லை. பஸ் உள்ளே போகாது, சந்து சந்தாக வெயிலில் நடக்கவேண்டும், முட்டிவலிக்காரர்கள் முனகுவார்கள். ஆறாம் நாள் எல்லாருக்கும் மாலில் கடைசி ஷாப்பிங் செய்யவேண்டும். அதனால் எத்தனையோ பயணங்களில் அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டேன். ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இந்த அக்கா வந்து மாட்டினார்.

அவர் எதையாவது பார்க்கும் விதத்தைச் சொல்லவேண்டும். யாரும் வாயைத் திறக்கக்கூடாது. உலகத்திலேயே உயரமான கட்டடத்தின் மேல்தளத்தில், "அதோ கடல் தெரிது பாருங்க," என்று ஒரு பெண் பாவம் பார்த்துச் சொல்லப்போக, "நீ சொன்னா அது நீ பாத்தது. நான் பாத்துக்கறேன் விடு," என்று வெட்டிவிட்டார். கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மறுபடி அந்தப் பக்கம் திருப்பி, நாலு புறமும் ஒவ்வொரு ஜன்னலாக நகர்ந்து போனார். காவலாளி என்ன ஏதென்று வந்து நின்றுவிட்டான். கீழே பஸ்காரன் போன் மேல் போன் போட்டான். இறங்கி வந்தபோது எல்லாரும் முறைத்தார்கள். அவர் யாரையும் கவனிக்கவில்லை. "கடல் ஒரே கலரு இல்ல. கரைகிட்ட ஒரு டர்க்காய்ஸ், அந்தாண்ட நேவி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருக்கையில் உட்கார்ந்தார். துணிக்கடைக் கணக்கில்தான் அவருக்கு நிறங்கள்.

மணல்மேட்டிலும் அதே கதைதான். ஜீப்பிலிருந்து இறங்கியதும் எல்லாரும் மணலை அள்ளி வீசி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் முட்டிபோட்டு, குனிந்து, முகம் மணலில் படுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பார்க்க அது ஒரு மாதிரியாக இருந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதை இப்போது எழுதும்போது எனக்கு என்னையே ஓங்கி அறையலாம் போலிருக்கிறது.

லாபிஸ் அண்ணன், "கையில அள்ளிப் பாருங்கக்கா, மாவு மாதிரி இருக்கு," என்றார்.

"தொடறதுக்கு இனிமே காலம் பூரா இருக்கு. இப்ப பாக்க விடுங்க."

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தப் பயணம் முழுக்க அவர் எதையும் கையால் தொட்டுப் பார்த்ததில்லை. இதன் அருமை தெரியவேண்டும் என்றால் அவரைக் கடையில் பார்த்திருக்கவேண்டும். அவருடைய கடவுச்சீட்டை வாங்கிவர நான் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். ஒரு மலாய்க்காரப் பெண் ஏதோ துணியை நீட்டி என்னவென்று கேட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். "இது கலப்பு. நூத்துக்கு இருவதுதான் காட்டன்," என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அதையே அந்தப் பெண்ணுக்கு மலாயில் சொன்னார். முதலாளிச் சீனர் தலையாட்டினார். அந்த விரல்களை ஏமாற்ற யாராலும் முடியாது. அப்படிப்பட்ட விரல்களைத்தான் ஆறு நாளும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார், கண்ணுக்கு மட்டும் வேலை கொடுக்க. சூரியன் இறங்கும்போது மணல் முழுக்க நிறம் மாறியது. "டஸ்ட்டி பிங்க்," என்றார். "ஹரிராயாப் பெருநாள் வந்தா எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. நானும் வருஷா வருஷம் வெட்டிக் குடுத்தேன். இதுலேர்ந்து வந்ததா?" அன்றைக்கு மட்டும் அவர் முகத்தில் சண்டை இல்லை.

ஆறாம் நாள் வந்தது. காலையிலேயே தாளோடு வந்து நின்றார். "இன்னைக்கு கடைசி வரி." பஸ்ஸில் வாக்கெடுப்பு மாதிரி ஆகிவிட்டது. பழைய பகுதிக்குப் போனால் மாலுக்கு நேரம் இருக்காது என்று நான் சொன்னேன். அப்படித்தான் சொல்லவேண்டும், அப்போதுதான் பழி என்மேல் விழாது. இருபத்தொன்பது பேரும் மால் என்றார்கள். லாபிஸ் அண்ணன்கூடப் பேரப்பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கவேண்டும் என்றார். கண்தெரியாமல் போகிற ஒரு பெண்ணை அவர் கைவிட்டார் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு டாக்சி பிடித்து நான் அவரை மட்டும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். இருபது நிமிஷத் தூரம். இத்தனை வருஷமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருபது நிமிஷம். ஆனால் அன்றைக்கு எனக்குத் தலைவலி, மாலையில் விமானம், முப்பது கடவுச்சீட்டும் என் பையில். அதைவிட உண்மை ஒன்று உண்டு. அவர்மேல் எனக்கு ஆத்திரம். ஆறு நாளாக என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவருக்கு இன்னொரு வரியும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த மாலின் ஒரு கோடியில் பழைய அரபுக் கடைத்தெரு மாதிரி ஒரு பகுதியைக் கட்டிவைத்திருக்கிறார்கள். மரச் சட்டம், தொங்குவிளக்கு, மண்சுவர் மாதிரி பூச்சு, நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மைக் கோபுரம். எல்லாரும் கடைகளுக்குள் கலைந்து போனதும் அவர் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனேன். "வாங்கக்கா, இங்கருந்து உள்ளுக்கே வழி இருக்கு, பழைய பசாருக்கு," என்றேன்.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். நான் எண்ணவில்லை.

"ஏன் தம்பி இவ்ளோ குளிருது?"

"டூரிஸ்டுக்காக மேல கூர போட்டு எர்கோன் வச்சிட்டாங்கக்கா."

"படகு?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைக்கா. ஓடாது."

கோபுரத்துக்கு அடியில் போய் நின்றார். நான் எழுதியதை மனப்பாடமாக வைத்திருந்தார். தலையை அண்ணாந்து, சாய்த்து, வெகுநேரம் நின்றார்.

"காத்து எறங்கலையே."

"வெளிய காத்து இல்லக்கா இன்னைக்கு."

துணிக்கடை எங்கே என்றார். சுற்றுலாப் பயணிகளுக்குச் சால்வை விற்கிற கடை ஒன்று இருந்தது. அதற்குள் விட்டேன். அங்கே தொங்கியது எல்லாம் பாலியெஸ்டர். துணியைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே தெரிந்தது. ஒரே ஒரு தடவை, இரண்டு விரலால் ஒரு நுனியைத் தேய்த்திருந்தால் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும், அந்த இடத்திலேயே என் முகத்தில் காறித் துப்பியிருப்பார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஒவ்வொரு சால்வைக்கும் முன்னால் போய், மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, ஓரக்கண்ணால் மேலிருந்து கீழே இறங்கிப் பார்த்தார். கடைக்காரப் பையன் எடுத்துப் போர்த்திவிட வந்தான். வேண்டாம் என்று பின்வாங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். வெளியே வந்து, தாளை எடுத்து, கடைசி வரியைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"எல்லாம் பாத்தாச்சு தம்பி," என்றார். "ஒன்ன ரொம்பப் படுத்திட்டேன். மனசுல வச்சிக்காத."

விமானத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். நான் தூங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். நானும் நன்றாகத்தான் தூங்கினேன். இதெல்லாம் எனக்கு உறைத்தது பிறகுதான்.

அடுத்த தீபாவளிக்கு என் மனைவி துணி எடுக்கவேண்டும் என்றாள். நாங்கள் இருக்கிற ஜொகூர் பாருவில் இல்லாத துணியா, ஆனால் தங்காக்கில்தான் மலிவு என்று ஒற்றைக்காலில் நின்றாள். வேறு கடைக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவள் நேராக அக்காவின் கடைக்குள் நுழைந்துவிட்டாள். அக்கா இப்போது துணி வெட்டவில்லை. கல்லாப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு முதலாளி உட்காரவைத்திருந்தார். வருகிற துணியை விரலால் தேய்த்துத் தரம் சொல்வது மட்டும்தான் வேலை. கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஓரமும் போய்விட்டது என்று அந்தக் கண்ணாடியே சொன்னது.

அவர் எதிரில் ஒரு இளம்பெண் பேசிக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் வேலை செய்கிறவள் போலிருந்தது. புருஷனோடு தனியாகத் துபாய் போய் வந்திருக்கிறாள், அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் துணி பசாரில் என்ன வெயில், என்ன நெரிசல், போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்து இந்தியில் கூப்பிடுகிறார்கள், தலைக்குமேல் மூட்டையோடு ஆள் ஓடுகிறான், படகில் போனால் மேலெல்லாம் தண்ணீர் தெறிக்கிறது என்றாள். நான் பட்டியலில் எழுதி வைத்திருந்த இடம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"வெயிலா?" என்றார் அக்கா. "அங்க எர்கோன் போட்டிருக்கே. தர கண்ணாடி மாதிரி இருக்கும். யாரும் கையப் புடிக்க மாட்டாங்க, ரொம்ப மரியாத."

"நீங்க சொல்றது மாலுங்கக்கா." அந்தப் பெண் சிரித்தாள். "அது சும்மா செட்டு போட்டு வச்சிருக்காங்க."

"எது செட்டு?" அக்காவின் குரல் ஏறியது. "செவப்பு சால்வைக்குப் பக்கத்துல ஒரு பச்ச, எமரால்ட் பச்ச, அதுல தங்க சரிக. தூண்ல வெளக்கு. கோபுரம். ஒண்ணொண்ணா பாத்தேன். இந்தக் கண்ணு கடைசியா பாத்தது அதுதாம்மா. எனக்குத் தெரியாதா?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து என் மனைவி, "ஏங்க, இந்தக் கலர் எப்படி இருக்கு?" என்றாள். நான் "ம், நல்லாருக்கு," என்று சொல்லித் தொலைத்தேன்.

அக்காவின் முகம் என் பக்கம் திரும்பியது. "யாரு, டூர் தம்பியா? அட, வா வா. நல்ல நேரத்துல வந்த. இந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லு. நீதான கூட்டிட்டுப் போயி காட்டுன."

உண்மையைச் சொன்னால் அவரிடம் மிச்சமிருந்த ஒரே காட்சியைப் பிடுங்கிப் போட்டதாகும். சொல்லாவிட்டால் அவர் ஆயுசு முழுக்க ஊர் சிரிக்க அந்தப் போலி பசாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இப்படி ஒரு இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியவரும் அவர்தான் என்று அந்த நொடியில்கூட எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அப்படிப்பட்ட ஆள் நான்.

"ஆமாக்கா," என்றேன். "அதுதான் பழைய பசார்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கருப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்ப நாங்கதான் வேற எடத்துக்குப் போயிட்டோம் போல," என்றாள், மெதுவாக.

"அதான் நான் சொன்னேன்ல," என்றார் அக்கா. "தெரியாத எடத்துல தனியா போனா இப்படித்தான் ஏமாத்துவாங்க. அடுத்த வாட்டி இந்தத் தம்பியோட போ. எழுதுனத எழுதுனபடி காட்டுவான். நம்பர் வாங்கிக்கோ. தம்பி, குடு."

அந்தப் பெண் கைப்பேசியை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஒன்றையும் தட்டவில்லை. "கொஞ்சம் மெதுவா சொல்லு தம்பி, பொண்ணு எழுதிக்கட்டும்," என்றார் அக்கா.